சந்தைக்கு வந்த சுரங்கள் – 9: தட்டில் ஏறாத குரல்

சென்ற வாரம் அமெரிக்கப் பாடகர் கேப்டன் பீஃப்ஹார்ட்டை நடுத்தெருவில் நிறுத்திவிட்டு வந்தேன். ஏழு நாளும் என்னைத் திட்டித் தீர்த்திருப்பீர்கள்.

1974. கை நிறைய டாலர் நோட்டுகளோடு தன் இசைத்தட்டின் அட்டையில் நிற்கிறார் மனிதர். ஊருக்கே பிடிக்கிற மாதிரி ஒரு தட்டுப் போடுகிறேன் என்று கிளம்பியவர். பழைய ரசிகன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். புதிய ரசிகன் வரவே இல்லை. அரைப் பட்டினி கிடந்து அவரோடு உழைத்த வாத்தியக்காரர்கள், சுற்றுப்பயணம் தொடங்கும் தறுவாயில் கூண்டோடு விலகினார்கள். பின்னாளில், வாங்கியவர்கள் தட்டைத் திருப்பிக் கொடுத்துக் காசை வாங்கிக்கொள்ளுங்கள் என்று அவர் வாயாலேயே சொல்லும்படி ஆனது.

அந்த நேரத்தில் ஒரு கை நீண்டது என்று சொல்லி நிறுத்தியிருந்தேன்.

யாருடைய கை?

ஃப்ராங்க் ஸாப்பாவுடையது. பள்ளிக்கூட நண்பர். இடையில் எத்தனையோ மனக்கசப்பு. இருந்தாலும் 1975-இல் தன் குழுவோடு பீஃப்ஹார்ட்டை ஊர் ஊராக அழைத்துப் போனார். அந்த மேடைகளிலிருந்து ‘பாங்கோ ஃப்யூரி’ என்ற தட்டு பிறந்தது. பீஃப்ஹார்ட் மூச்சு விட்டார், மெல்ல எழுந்தார், பிறகு தன் பழைய முரட்டு இசைக்கே திரும்பினார். அவரை இத்தோடு விட்டுவிடுவோம்.

ஸாப்பாவை மட்டும் விடக்கூடாது. நான்கே ஆண்டில் இதே மனிதர் இன்னொரு அபூர்வக் கலைஞனின் கையைப் பிடித்துச் சந்தைக்கு அழைத்துப் போகிறார்.

அந்தக் கலைஞன் தமிழன்.

சுங்கை பாக்காப் கடைத்தெருவில் ஒரு அண்ணன் என்னைப் பிடித்து நிறுத்திக் கேட்டார்: “ஆரம்பத்துலேர்ந்து படிக்கிறேன் தம்பி. எல்லாம் வெள்ளக்காரன் கதையாவே இருக்கு. இந்த ஆட்டத்துல நம்ம ஆளு ஒருத்தன்கூட எறங்கலயா?”

இறங்கினார் அண்ணே. ஆழம் தெரிந்தே இறங்கினார். பெயர் எல். சங்கர்.

சங்கரைப் புரிந்துகொள்ள வேண்டுமென்றால் அவருடைய அப்பாவைத் தெரிந்துகொள்ள வேண்டும். வி. லட்சுமிநாராயணா. யாழ்ப்பாணத்தில் இசை கற்றுக்கொடுத்த பேராசிரியர். வயலின் வித்வான். அந்தக் காலக் கச்சேரி மேடையில் நடுநாயகமாகப் பாடகர் இருப்பார். வயலின் ஒரு பக்கமாக இருக்கும். பாடகர் போகிற வழியெல்லாம் அது பின்னாலேயே போக வேண்டும். அவர் மூச்சு வாங்கும் இடத்தில் நிரப்ப வேண்டும். அவர் கண் காட்டினால் நாலு ஆவர்த்தனம் வாசித்துக்கொள்ளலாம். முதல் கைத்தட்டல் பாடகருக்கு. மிச்சம் மீதி வயலினுக்கு.

லட்சுமிநாராயணாவுக்கு இது மனதை அறுத்தது. வயலின் நடுவில் வர வேண்டும். ஒரு முழுக் கச்சேரியைத் தனியாகத் தாங்க வேண்டும். உலகமே திரும்பிப் பார்க்க வேண்டும். இதுதான் அவர் கண்ட கனவு.

கனவுக்கு நடுவே இலங்கையில் தமிழருக்கு எதிரான கலவரம் வந்தது. 1958. சேர்த்ததையெல்லாம் விட்டுவிட்டுக் குடும்பம் சென்னைக்குத் திரும்பியது. எல்லாம் மறுபடி முதலிலிருந்து. கையில் மிஞ்சியது வித்தை மட்டும்தான். அந்த வித்தையை மூன்று மகன்களின் விரல்களில் இறக்கினார் அப்பா.

மூத்தவர் எல். வைத்தியநாதன். ‘ஏழாவது மனிதன்’ படத்தில் பாரதியின் பாடல்களுக்கு இசையமைத்தாரே, அவரேதான். அடுத்தவர் எல். சுப்பிரமணியம். அவரை உலகம் அறியும். மூன்றாவது, நம் சங்கர். மூவரும் சேர்ந்து மேடையேறினால் நடுவிலும் வயலின், இரு பக்கமும் வயலின். அப்பாவின் கனவு கண்முன்னே உட்கார்ந்திருந்தது.

சங்கர் அமெரிக்காவுக்குப் போனார். வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கினார். அங்கேதான் ஜான் மெக்லாக்லினைச் சந்தித்தார். அதன் பிறகு பிறந்த ‘சக்தி’ குழுவைப் பற்றி உங்களுக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. மெக்லாக்லின் கிட்டார், சங்கர் வயலின், ஜாகிர் உசேன் தபலா, விக்கு விநாயக்ராம் கடம். மின்சாரக் கிட்டாரின் இடியோசைக்குப் பழகிய மேற்கத்திய இளைஞர்கள், தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து வாசித்த நான்கு பேரை வாய் பிளந்து பார்த்தார்கள்.

பார்த்தார்கள், சரி. வாங்கினார்களா?

மெக்லாக்லினின் பழைய மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ரா விற்ற விற்பனைக்குப் பக்கத்தில்கூட சக்தியின் தட்டுகள் வரவில்லை. மூன்று தட்டோடு குழு கலைந்தது. மெக்லாக்லின் மறுபடி மின்சாரக் கிட்டாரைக் கையில் எடுத்தார். சங்கரையும் கூட வைத்துக்கொண்டார். ஆனால் அது மெக்லாக்லினின் குழு. தட்டின் மேல் மெக்லாக்லினின் பெயர்.

சங்கருக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை. அந்த வயதில் அவர் மனதில் என்ன ஓடியிருக்கும்? கச்சேரி மேடையில் ஜெயித்தாயிற்று. ஜாஸ் மேதைகள் மதிக்கிறார்கள். படித்த ரசிகர்கள் எழுந்து நின்று கைதட்டுகிறார்கள். ஆனால் தெருவில் போகிற இளைஞன், காரில் வானொலியைத் திருப்புகிறவன், சனிக்கிழமை இரவு ஆடப் போகிறவன்? அவர்களில் ஒருவனுக்குக்கூட இந்த வயலின் தெரியாது. உலகமே திரும்பிப் பார்க்க வேண்டும் என்று அப்பா சொன்னாரே, அந்த உலகத்தில் இவர்களும் உண்டுதானே?

பணத்தாசை என்று இதை ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. பீஃப்ஹார்ட் நோட்டுக் கட்டைப் பிடித்தது வறுமையால். சங்கரைத் தள்ளியது வேறு ஒன்று. அது வீட்டிலேயே விதைக்கப்பட்டது.

சரியாக அந்தச் சமயத்தில் ஸாப்பா வந்து சேர்கிறார்.

1978, ஹாலோவீன் இரவு. நியூயார்க், பல்லேடியம் அரங்கம். ஆண்டுதோறும் அந்த நாளில் அங்கே ஸாப்பாவின் கச்சேரி ஒரு திருவிழா. விதவிதமான வேடம் போட்டுக்கொண்டு கூட்டம் நிற்கிறது. கூச்சல். அந்த மேடையில் விருந்தினராக ஒரு தமிழர் வயலினோடு ஏறுகிறார்.

ஸாப்பா கூட்டத்துக்கு ஒரு கணக்கைச் சொல்லிக்கொடுக்கிறார். அடுத்து வருவது பதின்மூன்றில் சுழலும் உருப்படி. அதை ஐந்தாகவும் எட்டாகவும் பிரித்துக்கொள்ள வேண்டும். உருப்படியின் பெயரே ‘தர்ட்டீன்’. நாலு நாலாகத் தட்டியே பழகிய கைகள். பாதிப் பேர் தட்டித் தட்டுத் தடுமாறியிருப்பார்கள்.

சங்கருக்கு? ஒரு கண்டம், இரண்டு சதுஸ்ரம். அவ்வளவுதான். பால்குடி மறந்ததும் கையில் போட்ட தாளம். வில்லை வைத்தார். பறந்தார். அந்த ஒலிப்பதிவு இன்றைக்கும் கிடைக்கிறது. ஸாப்பாவின் கிட்டாரும் சங்கரின் வயலினும் ஒன்றையொன்று துரத்துகின்றன. யார் யாருக்குப் பக்கவாத்தியம் என்று சொல்லவே முடியாது.

அந்த இரவைப் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

ஸாப்பாவின் மனதில் இப்போது வேறொரு திட்டம். அவர் வார்னர் பிரதர்ஸ் நிறுவனத்தோடு பெரிய சண்டை போட்டுவிட்டு வெளியே வந்திருந்தார். சாதாரணச் சண்டை அல்ல. வழக்கு, எதிர்வழக்கு. அவர் கொடுத்த இசைநாடாக்களை அவர் விருப்பத்துக்கு மாறாக நிறுவனம் துண்டு துண்டாக வெளியிட்டது. அதற்கு முன்பே, சண்டையில் கொதித்துப்போயிருந்த ஸாப்பா, வெளிவராத தன் நான்கு தட்டுத் தொகுப்பை எடுத்துக்கொண்டு லாஸ் ஏஞ்சலஸ் வானொலி நிலையத்துக்கே போனார். முழுவதையும் ஒலிபரப்பினார். நேயர்களே, இலவசமாகப் பதிவு செய்துகொள்ளுங்கள் என்று அறிவித்தார். எந்த நிறுவனம் இதை மறக்கும்?

வெளியே வந்தவர் சொந்தமாக ‘ஸாப்பா ரெக்கார்ட்ஸ்’ தொடங்கினார். முதல் தட்டு ‘ஷேக் யர்பூட்டி’. அமெரிக்க விற்பனைப் பட்டியலில் 21-ஆம் இடம் வரை போனது. அவரது வாழ்நாளின் பெரிய வெற்றிகளில் அது ஒன்று. மனிதர் உற்சாகத்தில் இருந்தார். தொட்டது துலங்கும் என்ற நம்பிக்கை. இரண்டாவது வெளியீட்டைத் தனக்கு வைத்துக்கொள்ளவில்லை. சங்கருக்குக் கொடுத்தார்.

தட்டின் பெயர் ‘டச் மீ தேர்’. தயாரிப்பு, ஃப்ராங்க் ஸாப்பா. இடம், லண்டன்.

லண்டனிலேயே சிறந்த கைகளைக் கூட்டி வந்தார்கள். டிரம்ஸில் சைமன் ஃபிலிப்ஸ். இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த பையன். பின்னாளில் தி ஹூ, டோட்டோ என்று பெரிய பெரிய குழுக்கள் தேடிப் போன கை அது. கிட்டாரில் ஃபில் பாமர். மெட்டுகள் சங்கருடையவை. பாட்டே இல்லாத வாத்திய உருப்படிகளும் பல.

ஆனால் வாத்திய இசையை எந்த வானொலி சுழலவிடும்? ஒரு பாட்டு வேண்டும். தட்டின் தொடக்கத்திலேயே, ஊசி வைத்ததும் ஆளை இழுக்கிற பாட்டு.

மெட்டு ரெடி. வரிகளை ஸாப்பா எழுதினார்.

‘டெட் கேர்ல்ஸ் ஆஃப் லண்டன்’. லண்டன் இரவு விடுதிகளில் பளபளவென்று நின்றுகொண்டு யாரையும் ஏறெடுத்துப் பார்க்காத பெண்களைக் குத்திக் கிழிக்கும் பாட்டு.

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். லண்டன் மேல் ஸாப்பாவுக்கு என்ன கோபம்? இந்தப் பாட்டின் வயதைவிட அது மூத்த கோபம். 1971-இல் அவருடைய கச்சேரியை ராயல் ஆல்பர்ட் ஹால் ரத்து செய்தது. வழக்குப் போட்டார், தோற்றார். அதே ஆண்டு டிசம்பரில் லண்டன் ரெயின்போ அரங்கில் ஒரு ஆள் மேடையேறி அவரைப் பிடித்துத் தள்ளினான். வாத்தியக்குழு உட்காரும் பள்ளத்தில் போய் விழுந்தார். மாதக்கணக்கில் சக்கர நாற்காலி. குரல்வளை நசுங்கி, குரலே ஒரு படி இறங்கிப்போனது. அந்த ஊரை நினைத்தாலே அவருக்கு ஒரு கசப்பு இருந்திருந்தால், நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் அந்தக் கசப்பு சங்கருடையதா?

இல்லை. சங்கருக்கும் லண்டன் பெண்களுக்கும் எந்த வழக்கும் இல்லை. அவர் ஊரை இழந்தவர். அவருக்குச் சொல்ல வேறு கதை இருந்தது. வானொலிக்குப் போகப் போகிற பாட்டில் மெட்டு இவருடையது, மனம் இன்னொருவருடையது. இந்தக் கதையில் நான் முதலில் வருத்தப்பட்ட இடம் இதுதான்.

சரி. மெட்டு இருக்கிறது. வரி இருக்கிறது. பாடப் போவது யார்?

இப்போது கதவைத் திறந்துகொண்டு வருகிறார் வான் மோரிசன்.

ஆமாம். அதே வான் மோரிசன். பெல்ஃபாஸ்ட் தொழிலாளர் தெருவில் பிறந்தவர். ‘பிரவுன் ஐட் கேர்ல்’ பாடியவர். அப்போதுதான் ‘வேவ்லெங்த்’ தட்டை நல்லபடியாக விற்று முடித்திருந்தவர். அந்தக் கரகரத்த, அடிவயிற்றிலிருந்து கிளம்பும் குரலை ஒரு நொடி கேட்டால் போதும், வானொலி நேயருக்கு ஆள் யாரென்று தெரியும்.

அந்த ஒரு மணி நேரத்தை நினைத்துப் பாருங்கள்.

அறையில் மூன்று பேர். அமெரிக்காவிலேயே யாருக்கும் அடங்காத இசைக்காரர். அயர்லாந்தின் மிகப் பெரிய குரல். நடுவில், யாழ்ப்பாணத்தில் அப்பாவிடம் சரளி வரிசை படித்த சங்கர். நாடா சுழல்கிறது. சங்கரின் மெட்டின் மேல் மோரிசனின் குரல் ஏறி உட்காருகிறது.

அந்தப் பதிவு பிற்காலத்தில் ரசிகர்கள் கைமாற்றிக்கொண்ட கள்ளத்தட்டுகளில் உலவியது. பாட்டின் வரிகளில் இருக்கும் எரிச்சலை மோரிசனின் குரல் வேறு எங்கோ தூக்கிக்கொண்டு போய்விடுகிறது. கேலியாக எழுதப்பட்ட வரி அவர் வாயில் ஏக்கமாகிவிடுகிறது. இந்தத் திட்டத்துக்கே உயிர் தந்த பதிவு அது என்பேன். அந்தக் குரலோடு ‘டெட் கேர்ல்ஸ்’ கடைக்கு வந்திருந்தால், இருபது நாட்டு வானொலிகள் ஒரு தடவையாவது சுழலவிட்டிருக்கும். ‘வான் மோரிசன் பாடுகிறார், அந்த வயலின் யாரப்பா?’ என்று பத்துப் பேர் கேட்டிருப்பார்கள். அந்தப் பத்துப் பேர்தானே சங்கருக்கு வேண்டும்?

எல்லாம் கூடி வந்துவிட்டது.

ஒரே ஒரு கையெழுத்துதான் பாக்கி.

பெரிய பாடகர்கள் ஒரு நிறுவனத்தோடு ஒப்பந்தத்தில் இருப்பார்கள். குரல் அவருடையதுதான். ஆனால் அதை வேறு நிறுவனத்தின் தட்டில் ஏற்ற வேண்டுமென்றால், ஒப்பந்தம் வைத்திருக்கும் முதலாளி சம்மதிக்க வேண்டும். நண்பனுக்காகப் பாடினேன் என்றெல்லாம் சொல்ல முடியாது. காகிதம் வேண்டும்.

வான் மோரிசன் யாரோடு ஒப்பந்தத்தில் இருந்தார்?

வார்னர் பிரதர்ஸ்.

எந்த வாசலில் ஸாப்பா மண்ணை வாரித் தூற்றிவிட்டு வந்தாரோ, அதே வாசல். எந்த நிறுவனத்தின் சரக்கை வானொலியில் இலவசமாக அள்ளிக் கொடுத்தாரோ, அதே நிறுவனம். இப்போது ஸாப்பா ரெக்கார்ட்ஸ் தட்டுக்காக அவர்களுடைய பாடகரைக் கேட்டு நிற்க வேண்டியிருக்கிறது.

பதில் வந்தது.

முடியாது.

வார்னர் பழி தீர்த்தது என்று நான் எழுத மாட்டேன். தன் பாடகரின் குரலைப் போட்டிக் கடைக்கு இரவல் கொடுக்க எந்த வியாபாரிக்கும் கட்டாயமில்லை. ஆனால் பழைய பகை மட்டும் இல்லாதிருந்தால் ஒரு தொலைபேசி அழைப்பிலேயே முடிந்திருக்கக்கூடிய காரியம் இது என்று நம்புகிறேன். இரண்டு யானைகள் மோதின. நசுங்கியது சங்கரின் பாட்டு.

அப்பாவின் கனவு என்னவென்று கொஞ்சம் முன்னால் சொன்னேன். பாடகர் நிழலிலிருந்து வயலின் வெளியே வர வேண்டும். அதற்காக ஒரு மனிதர் வாழ்நாளைக் கொடுத்தார். மகன் உலகத்தின் உச்சி மேடைகள் வரை வயலினை நடுவிலேயே வைத்துக்கொண்டு போனார். பல்லேடியத்தில் அந்த இரவு யார் முதல், யார் பக்கம் என்றே தெரியவில்லை. அப்படிப்பட்டவர், சந்தைக்குப் போகலாம் என்று முடிவெடுத்த அன்றே வயலினை மறுபடி ஒரு பாடகருக்குப் பக்கத்தில் கொண்டுபோய் உட்காரவைத்தார். இப்போது அந்தப் பாடகரும் இல்லை.

இதைவிடக் கொடுமை வேண்டுமா?

தட்டை நிறுத்த முடியாது. வெளியீடு நெருங்குகிறது. ஸாப்பா தனக்குத் தெரிந்த வழியில் சமாளித்தார். மோரிசனின் குரலை எடுத்துவிட்டு, தன் குழுவின் பாடகர் ஐக் வில்லிஸையும் தன்னையும் பாட வைத்தார். அட்டையில் ஸாப்பாவின் உண்மைப் பெயர் போகவில்லை. ‘ஸ்டக்கோ ஹோம்ஸ்’ என்று ஒரு கற்பனைப் பெயர் அச்சானது.

ஐக் வில்லிஸ் நல்ல பாடகர். அதே ஆண்டு ‘ஜோஸ் கராஜ்’ தட்டில் கதாநாயகனின் குரலே அவர்தான். குறை அவர் பாட்டில் இல்லை. ஆனால் ஸாப்பாவின் வரி, ஸாப்பாவின் கோபம், ஸாப்பாவின் ஆட்கள், ஸாப்பாவின் தொண்டை. ஊசி வைத்ததும் கேட்பவனுக்கு என்ன தோன்றும்? இது இன்னொரு ஸாப்பா பாட்டு. கூட யாரோ வயலின் வாசிக்கிறார்கள்.

யாரோ.

1979-இல் ‘டச் மீ தேர்’ கடைக்கு வந்தது.

ஒன்றும் நடக்கவில்லை.

விற்பனைப் பட்டியலில் ஏறவில்லை. வானொலி அதைத் தொடவில்லை. சக்தியைத் தலையில் வைத்துக் கொண்டாடியவர்களுக்கு இது கீழே இறங்கியதாகப் பட்டது. ராக் ரசிகர்களுக்கு இது ராக்கும் இல்லை, இந்திய இசையும் இல்லை. ஸாப்பாவின் ரசிகர்கள் மட்டும் வாங்கி, ஸாப்பாவின் அலமாரியில் ஸாப்பா தட்டுகளோடு அடுக்கி வைத்தார்கள். இன்றைக்கும் இந்தத் தட்டைப் பற்றிப் பேசுகிறவர்களில் பெரும்பாலானோர் ஸாப்பாவைப் பற்றித்தான் பேசுகிறார்கள். ஸாப்பாவும் ‘ஸாப்பா ரெக்கார்ட்ஸ்’ பெயரில் பிறகு வேறு எந்தக் கலைஞருக்கும் இடம் கொடுத்ததாகத் தெரியவில்லை. அடுத்து வந்தது அவருடைய ‘ஜோஸ் கராஜ்’.

தட்டு மோசமா? என் பதிலைச் சொல்லிவிடுகிறேன். வாயைத் திறக்கும் இடங்களில் சறுக்குகிறது. வயலின் பேசும் இடங்களில் நிமிர்கிறது. ‘விண்டி மார்னிங்’ என்று ஒரு உருப்படி இருக்கிறது. அதில் சங்கர் ஒரு சுரத்தை அசைத்து, இழுத்து, அடுத்ததற்கு வழுக்கிக்கொண்டு போகிற விதத்தைக் கேளுங்கள். கமகம் தெரிந்த காது உடனே நிமிரும். வீட்டுச் சொத்து எங்கேயும் போகவில்லை. விற்கலாம் என்று கடை முகப்பில் வைத்த சரக்கு மட்டும்தான் அவருடையது அல்ல.

பினாங்குக்காரர்களுக்கு இந்த இடத்தில் ஒரு ஒப்பீடு நாக்கு நுனியில் நிற்கும். நானே சொல்லிவிடுகிறேன்.

அதே எழுபதுகளின் கடைசி. நம் தீவிலிருந்து கிளம்பிய இரண்டு தமிழ்ப் பிள்ளைகள். டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆறுமுகம். தலையில் குடைபோல் விரிந்த முடி. அலிகேட்ஸ். ஹாங்காங் வரை போய் ஆங்கிலப் பாட்டுப் பாடிப் பெயர் வாங்கியவர்கள், திரும்பி வந்து மலாய்ப் பாட்டில் இறங்கினார்கள். அதுவும் அடுத்தவர் மொழிதான். அதுவும் சந்தைக்குப் போன பயணம்தான். ஆனால் நாடே பாடியது. ‘செகுந்தும் மாவார் மேரா’ தெரியாத திருமண விருந்து இங்கே உண்டா? மலாய்க்காரர் வீட்டிலும் சீனர் கடையிலும் தோட்டத்து லயத்திலும் ஒரே நேரத்தில் ஒலித்த குரல்.

அவர்களுக்கு வாய்த்தது சங்கருக்கு ஏன் வாய்க்கவில்லை?

திறமைக் கணக்கில் இதற்கு விடை கிடையாது. டேவிட்டும் லோகாவும் அந்த மொழியில் பிறக்காவிட்டாலும் அந்த மொழியோடு வளர்ந்தவர்கள். பக்கத்து வீட்டு மொழி அது. பாடியது அவர்கள் வாய். அந்தப் பாட்டின் காதலும் கண்ணீரும் அவர்கள் தெருவிலும் நடந்தவை. லோகா 2007-இல் மறைந்தபோது எல்லா இனத்தாரும் அழுதார்கள் என்றால், அந்தக் குரல் எல்லார் வீட்டுக்குள்ளும் போயிருந்தது என்று பொருள். சங்கர் லண்டனில் அந்த முகப்புப் பாட்டைத் தன் வாயால் பாடவில்லை. தனக்காகப் பாட ஆள் தேடினார். வந்த ஆளும் கைக்கு எட்டி வாய்க்கு எட்டாமல் போனார்.

இத்தனைக்கும் சங்கர் பாடகரும்கூட. வீட்டில் எல்லாருக்கும் வாய்ப்பாட்டுதான் முதல் பாடம்.

தோற்ற மனிதன் என்ன செய்வான்? சிலர் குடிப்பார்கள். சிலர் அடுத்தவனைத் திட்டுவார்கள். சங்கர் ஒரு படம் வரைந்தார்.

வாத்தியத்தின் படம். ஒரே உடம்பில் இரண்டு கழுத்து, பத்துத் தந்தி. ஒரு கழுத்தில் வயலினின் உச்சி. இன்னொரு கழுத்தில் டபுள் பாஸின் அடி ஆழம். முழு வாத்தியக்குழுவின் வீச்சையும் ஒரு ஆள் கையில் கொண்டுவருகிற யோசனை. கென் பார்க்கர் என்ற கிட்டார் தச்சர் அதைச் செய்து கொடுத்தார். 1980. பாடகர் வேண்டாம், முதலாளி வேண்டாம், நானே எல்லாம் என்று வயலின் சொன்னது.

அந்தப் புது வாத்தியத்தை எடுத்துக்கொண்டு ஜெர்மனியின் இசிஎம் நிறுவனத்துக்காகப் பதிவறைக்குள் போனார். இந்த முறை லண்டன் ராக் கைகள் இல்லை. மிருதங்கத்தில் உமையாள்புரம் சிவராமன். தபலாவில் ஜாகிர் உசேன். தாளம் போட ஒரு பெரியவர் வந்து உட்கார்ந்தார்.

அப்பா. வி. லட்சுமிநாராயணா.

‘ஹூஸ் டு நோ’ என்ற அந்தத் தட்டில் ஒரு வரிப் பாட்டுக் கிடையாது. வயலின் நடுவில். பக்கத்தில் அப்பாவின் கை. பையன் வீட்டுக்குத் திரும்பிவிட்டான் என்று ரசிகர்கள் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள். சந்தை ஆசை லண்டனோடு செத்தது என்று எல்லாரும் நினைத்தார்கள்.

எல்லாரும் ஏமாந்தார்கள்.

இசிஎம் எப்படிப்பட்ட இடம் தெரியுமா? மௌனத்துக்கு அடுத்தபடி அழகான ஒலி என்று பெயர் வாங்கிய நிறுவனம். அதன் தலைவர் மன்ஃப்ரெட் ஐகர், ஒரு சுரம் ஓய்ந்து அடங்கும் வரை காத்திருக்கும் மனிதர். அந்த வாசலுக்குள், ஆறே ஆண்டில், டிரம் மெஷினோடும் சின்தசைசரோடும் ஒருவர் நுழைகிறார். கூடவே ஒரு பாடகி. கிட்டாரோடு ஒரு இளைஞன். அந்த இளைஞனும் ஸாப்பாவின் பட்டறையிலிருந்து வந்தவன்தான்: ஸ்டீவ் வை.

நுழைந்தவர் சங்கர். இந்த முறை பாட ஆள் தேடவில்லை. ஒலிவாங்கியின் முன்னால் அவரே போய் நின்றார்.

ஐகர் என்ன செய்தார்? மௌனத்துக்குப் பழகிய அந்த ரசிகர்கள் என்ன சொன்னார்கள்? அடுத்த ஞாயிறு சொல்கிறேன். அதற்குள் ‘விண்டி மார்னிங்’கைத் தேடிப் பிடித்து ஒரு தடவையாவது கேட்டுவிட்டு வாருங்கள்.

(தொடரும்)